குளிசையா, கனிந்த சொல்லா?

உக்காப் பழக்கத்தை விட விரும்புவோர்க்கு உற்ற துணை எது?

தீய பழக்கம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. "அளவோடுதான் குடிக்கிறேன்" என்பான் குடிப்பவன். "பொழுதுபோக்குக்காக ஆடுகிறேன்" என்பான் சூதாடுபவன். உக்காப் பிடிப்பவனிடமும் அத்தகைய சமாதானம் ஒன்று உண்டு. "சுருட்டிலும் சிகரட்டிலும் புகை நேரே நெஞ்சுக்குட் செல்கிறது, உக்காவிலோ அது நீரிற் குளித்துத் தூய்மை பெற்றன்றோ வருகிறது!" என்பது அவன் கூற்று. நீரைத் தூய்மையின் வடிவமாகப் போற்றும் நம் நாட்டவர்க்கு இக்கூற்று எளிதில் உண்மைபோலத் தோன்றும். ஆயின், அது உண்மையன்று. அதனை நம்பி இப்பழக்கத்தில் வீழ்ந்தோர் பின்னர் மீள விரும்புங்கால் அவர்க்கு உதவுவது எது என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உக்கா என்பது யாது?

அடியில் நீர் நிறைந்த ஒரு கலம். அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. தண்டின் உச்சியிற் புகையிலை வைக்கும் சிறு கிண்ணம். புகையிலையின்மேற் கனலும் கரி. கலத்தின் பக்கத்திலிருந்து நீளும் குழாய். இவையே உக்காவின் உறுப்புகள். குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சுங்கால், மேலே எழும் புகை தண்டின் வழியே இறங்கி, நீரினூடே குமிழியிட்டு எழுந்து, வாயை அடைகின்றது. லெபனானிலும் சிரியாவிலும் இதனை 'நார்கிலே' என்பர். பாரசீக மொழியிலே தேங்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். நம் நூல்களில் வழங்கும் 'நாரிகேளம்' என்னும் வடசொல்லும் அதற்கு உறவினதே. தேங்காய்ச் சிரட்டையே ஆதியில் நீர்க்கலமாக உதவியது என்பதை இப்பெயர் நமக்கு உணர்த்துகின்றது. எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் வழங்கும் 'ஷீஷா' என்னும் பெயரோ கண்ணாடியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது.

புகையிலை மொகலாய அரண்மனைக்கு வந்த வரலாறு சுவையானது. 1604ஆம் ஆண்டையொட்டி, பீஜப்பூருக்குத் தூதுசென்று மீண்ட அசாத் பேக் என்பவர், மணிகள் இழைத்த ஒரு புகைக்குழாயையும் புகையிலையையும் அக்பர் சக்கரவர்த்தியின் முன் வைத்தார். சக்கரவர்த்தி சிறிது புகைத்துப் பார்த்தார். உடனிருந்த வைத்தியரோ, முன்னோர் ஆராய்ந்து கூறாத புதுப்பொருளைச் சக்கரவர்த்தி ஏற்பது தகாது எனத் தடுத்தார். அக்பர் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. ஆனால் அவர் சபையிலிருந்த பிரபுக்கள் ஒருவர்பின் ஒருவராகப் புகையிலையைக் கேட்டு வாங்கலாயினர் என அசாத் பேக்கே எழுதிவைத்திருக்கிறார். பின்னர் 1617ஆம் ஆண்டிலே ஜஹாங்கீர் சக்கரவர்த்தி புகைத்தலைத் தடைசெய்து கட்டளை பிறப்பித்தார். கட்டளை ஏட்டில் நின்றது. உக்கா வீட்டில் நின்றது. ஒருவரைப் பார்த்து ஒருவர் பற்றிக்கொள்ளும் பழக்கம் கட்டளைக்கு அடங்காது என்னும் உண்மையை அன்றே வரலாறு காட்டிவிட்டது. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இது வேண்டப்படும்.

நீர் நஞ்சைக் கழுவுமா?

நீரினூடு வரும் புகை குளிர்ந்து விடுகிறது என்பது மெய்யே. அக்குளிர்ச்சியே பெரும் ஏமாற்று. சூடான புகை தொண்டையைச் சுடும். சுட்டால் மனிதன் சிறிதே இழுப்பான். குளிர்ந்த புகையோ தொண்டையை உறுத்தாமையால், அவன் நெடிதாகவும் ஆழமாகவும் இழுக்கிறான். ஒரு மணி நேரம் உக்காவின் முன் அமர்ந்திருப்பவன் உட்கொள்ளும் புகையின் அளவு, ஒரு சிகரட்டிலிருந்து உட்கொள்ளும் புகையைப்போல 100 முதல் 200 மடங்கு வரை இருக்கக்கூடும் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்பிற் காட்டியுள்ளனர். அப்புகையில் உள்ள நிக்கொட்டினையும் தாரையும் நீர் முற்றாக நீக்கிவிடுவதில்லை.

இன்னொரு கேடு புகையிலையிலிருந்தன்று, கரியிலிருந்து வருகின்றது. எரியும் கரி காபனோரொட்சைட்டு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயுவை வெளிவிடுகின்றது. நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைக் காட்டிலும் இந்த வாயுவையே இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் உடல் உறுப்புகள் ஒட்சிசனின்றித் தவிக்கின்றன. உக்காப் பிடித்தவர்கள் தலைசுற்றி மயங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்திகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. புகையிலை கலவாத மூலிகை உக்காவாயினும் கரி எரியும்வரை இக்கேடு உண்டு. ஒரே குழாயைப் பலர் மாறிமாறி வாயில் வைப்பதால் தொற்றுநோய் பரவவும் இடமுண்டு. அறையில் உடனிருக்கும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் புகையாமலே புகையை உட்கொள்கின்றனர்.

1990ஆம் ஆண்டையடுத்து, பழவாசனையும் இனிப்பும் ஊட்டிய புகையிலை எகிப்திலிருந்து எங்கும் பரவியபின், முதியோரின் பொழுதுபோக்காயிருந்த உக்கா இளைஞரின் களியாட்டாக மாறிற்று. தொழில் நாடி வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம்மவரும், கல்வி நாடிப் பிற நாடுகளுக்குச் செல்லும் நம் மாணவரும் மாலை வேளையிற் கோப்பிக் கடையில் முதன்முதல் இதனைச் சந்திக்கின்றனர். ஆதலின் இதனைத் தொலைவிலுள்ளோரின் தொல்லை என நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை.

விட முடியாமை ஏன்?

உக்காவை விட விரும்புபவனை இரண்டு கயிறுகள் பிணிக்கின்றன. ஒன்று நிக்கொட்டின். அது மூளையிலுள்ள சில வாயில்களைத் தட்டி இன்ப உணர்ச்சியை எழுப்புகிறது. நாளடைவில் அவ்வாயில்கள் அதனை எதிர்பார்த்தே நிற்கின்றன. வராதபோது எரிச்சலும், அமைதியின்மையும், உறக்கக் குறைவும் தோன்றுகின்றன. இக்கயிறு சிகரட்டுக்கும் உக்காவுக்கும் பொது.

மற்றக் கயிறு உக்காவுக்கே சிறப்பாக உரியது. சிகரட்டைத் தனியே மூலையில் நின்று இரண்டொரு நிமிடத்திற் புகைத்துவிடலாம். உக்காவோ அமர்ந்து, பேசி, சிரித்து, குழாயைக் கைமாற்றிப் புகைப்பது. பாகிஸ்தானின் பஞ்சாப் கிராமங்களில் மாலைதோறும் ஆடவர் கூடுவது உக்காவைச் சுற்றியே. விருந்தினர்க்கு அதனை நீட்டுவது மரியாதை, மறுப்பது மனத்தாங்கல். லெபனானில் 2008ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் இப்பழக்கத்தின் பிடியை அளந்தறிய 11 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தபோது, நிக்கொட்டினின் பிடியை மட்டுமன்றி, நண்பரோடு கூடியிருக்கும் இன்பத்தையும் அதிற் சேர்த்தே அளந்தனர். இந்த இரண்டாவது கயிற்றை எந்தக் குளிசை அறுக்கும்?

மருந்துகள் செய்வது என்ன?

மருந்துகளைக் குறைத்து மதிப்பிடுதல் நம் கருத்தன்று. புகையிலையை விட உதவும் மருந்துகள் சில உண்டு. நிக்கொட்டினைச் சூயிங்கமாகவோ தோலில் ஒட்டும் பட்டியாகவோ சிறுகச் சிறுகக் கொடுத்து, உடலின் தவிப்பைத் தணிப்பது ஒருவகை. புப்புரோப்பியன் என்பது மனச்சோர்வுக்கெனத் தோன்றிய மருந்து. அதனை உண்டவர்க்குப் புகையிலை மீதுள்ள நாட்டம் தணிந்தமை காணப்பட்டு, 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் புகைவிடுதற்கும் அங்கீகரிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்ற வரெனிக்கிளின் இன்னும் நுட்பமானது. நிக்கொட்டின் என்னும் திறவுகோல் நுழையும் பூட்டிலே தான் முன்சென்று அமர்ந்துகொள்கிறது. பூட்டைச் சிறிதே திறக்கிறது. அதனாற் பாதித் தவிப்பு அடங்குகிறது. பின்னர் ஒருவன் புகைத்தாலும் நிக்கொட்டினுக்கு இடமில்லாமையால் முன்போல இன்பம் தோன்றுவதில்லை.

சிகரட் புகைப்போர் பலர் இம்மருந்துகளாற் பயன்பெற்றுள்ளனர் என்பது பல ஆராய்ச்சிகளால் நிறுவப்பட்டது. 2024ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டி நூலும், புகையிலையை விட விரும்பும் வளர்ந்தோர்க்கு இவற்றைப் பரிந்துரைத்து, ஆலோசனையோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்கிறது. ஆயினும் இவை கடையில் வாங்கி விருப்பம்போல் விழுங்கத்தக்கவை அல்ல. வலிப்பு நோயுடையார்க்குப் புப்புரோப்பியன் ஆகாது. வரெனிக்கிளின் சிலர்க்குக் குமட்டலையும் தெளிவான விசித்திரக் கனவுகளையும் உண்டாக்கும். கர்ப்பிணிகளும், சிறுநீரகக் குறைபாடு உடையாரும், வேறு மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

பாகிஸ்தான் கற்பித்த பாடம்

இனி, மருந்தும் சொல்லும் ஒருங்கே சோதிக்கப்பட்ட கதைக்கு வருவோம். பாகிஸ்தானிலே, காசநோய் இருக்கலாமென ஐயுற்றுச் சுகாதார நிலையங்களுக்கு வந்த 1955 பேர் ஒரு பரிசோதனையிற் சேர்க்கப்பட்டனர். அனைவரும் புகையிலை புகைப்போர். உக்காப் பிடிப்போரும் அவர்களுள் இருந்தனர். ஒரு பகுதி நிலையங்களில் வழக்கமான கவனிப்பு மட்டும் அளிக்கப்பட்டது. இன்னொரு பகுதியில், சுகாதார ஊழியர் ஒருவர் இருமுறை சிறிது நேரம் அமர்ந்து, முறைப்படி வகுத்த ஆலோசனையை வழங்கினார். மூன்றாம் பகுதியில் அதே ஆலோசனையோடு 7 வாரங்களுக்குப் புப்புரோப்பியனும் கொடுக்கப்பட்டது.

ஆறு மாதங்களின் பின் கணக்கிட்டபோது கிடைத்த முடிவு, 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 8 அல்லது 9 பேரே புகையிலையை விட்டிருந்தனர். ஆலோசனை பெற்றவருள் நூற்றுக்கு 41 பேர் விட்டிருந்தனர். ஆலோசனையும் மருந்தும் பெற்றவருள் நூற்றுக்கு 45 பேர் விட்டிருந்தனர். வாசகர்கள் இக்கணக்கைச் சற்று நின்று நோக்குவார்களாக. எட்டையும் நாற்பத்தொன்றையும் பிரிக்கும் பெரும்பள்ளத்தைத் தாண்டச் செய்தது சொல். நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏறியது மருந்தைச் சேர்த்தபோது.

அதன்பின் வரெனிக்கிளினும் அந்நாட்டிலே சோதிக்கப்பட்டது. நாள்தோறும் உக்காப் பிடிக்கும் 510 பேரிற் பாதிப்பேருக்கு மெய்ம்மருந்தும், பாதிப்பேருக்கு அதுபோன்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. எவர்க்கு எது என்பது கொடுத்தவர்க்கும் தெரியாது, உண்டவர்க்கும் தெரியாது. ஆலோசனை இருசாரார்க்கும் பொது. 2018ஆம் ஆண்டு வெளியான முடிவு, ஆறு மாத இறுதியில் உக்காவை விட்டு நிற்பதிலே மெய்ம்மருந்து தெளிவான மேன்மையைக் காட்டவில்லை என்பதே. 2020ஆம் ஆண்டு வெளியான இன்னொரு பரிசோதனை, பாகிஸ்தானிலும் வங்காளதேசத்திலும் காசநோயுற்ற 2472 புகைப்போரிடையே நடந்தது. அங்குச் சோதிக்கப்பட்டது சைற்றிசின் என்னும் செடிமருந்து. மருந்துண்டவருள் நூற்றுக்கு 32 பேரும், போலிக் குளிசை உண்டவருள் நூற்றுக்கு 30 பேரும் ஆறு மாதம்வரை புகையாமல் இருந்தனர். ஆலோசனை இங்கும் இருசாரார்க்கும் பொது என்பதை மறத்தலாகாது.

இம்முடிவுகளைக் கொண்டு அளவுக்கு மீறி ஆரவாரித்தலும் அறிவுடைமையன்று. முதற் பரிசோதனையில் வந்தோர் காசநோயென அஞ்சி வந்தோர். நோயச்சம் அவர்தம் உறுதியைக் கூட்டியிருக்கும். அன்றியும், ஆலோசனையின் பயன் நிலையத்துக்கு நிலையம் பெரிதும் வேறுபட்டிருந்தது. உலகெங்கும் நடந்த 9 ஆராய்ச்சிகளை 2023ஆம் ஆண்டு ஒருங்கு சேர்த்து ஆய்ந்த நிபுணர்கள், உக்காவை விடுவதற்கு ஆலோசனை உதவக்கூடும் என்றும், அதற்கான சான்று இன்னும் வலுப்பெறவேண்டும் என்றும், மருந்துகளைப் பற்றி முடிவுகூறப் போதிய சான்று இல்லை என்றும் உரைத்தனர். நிலையத்துக்கு நிலையம் பயன் வேறுபட்டதென்னும் செய்தி நமக்கு ஒன்றைச் சிந்திக்கத் தருகிறது. குளிசை எவர் கொடுத்தாலும் அதே குளிசைதான். சொல்லோ சொல்பவரைப் பொறுத்தது.

ஆலோசனை என்பது உபதேசமன்று

"ஆலோசனைதானே! நாமும் நாள்தோறும் சொல்கிறோமே!" எனச் சில பெற்றோர் கூறலாம். "புகைக்காதே" என்று நூறுமுறை சொல்வது ஆலோசனையன்று. அது ஜஹாங்கீரின் கட்டளை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்பர் நம் பெரியோர். முறைப்படி வகுத்த ஆலோசனை பின்வருமாறு செல்லும்.

முதலாவது, கேட்டல். எப்பொழுது பிடிக்கிறாய், எவரோடு பிடிக்கிறாய், பிடிக்காத நாளில் என்ன நேர்கிறது என்று வினவி, மறுமொழியைப் பொறுமையோடு கேட்டல். ஒருவனுக்கு நிக்கொட்டினின் தவிப்பு மிகுந்திருக்கும். இன்னொருவனுக்கு வெள்ளிக்கிழமை மாலைத் தனிமையே மிகுந்திருக்கும். முன்னவனுக்கு மருந்து கைகொடுக்கலாம். பின்னவனுக்குத் தோழமை வேண்டும்.

இரண்டாவது, நாள் குறித்தல். "விடவேண்டும்" என்பது எண்ணம். "வரும் புதன்கிழமை விடுகிறேன்" என்பது தீர்மானம். அந்நாளுக்கு முன் உக்காவும் கரியும் புகையிலையும் வீட்டைவிட்டு அகலவேண்டும்.

மூன்றாவது, கூட்டாளிகளுக்குக் கூறுதல். மறைத்து விட முயல்பவன், நண்பன் குழாயை நீட்டும்போது சொல்லிழந்து நிற்பான். முன்னரே கூறியவனுக்கு மறுப்பது எளிது. அந்த மாலைப்பொழுதை நிரப்ப வேறொன்றும் வேண்டும். பந்தாட்டமோ, வாசிகசாலையோ, நல்ல தேநீரோ எதுவாயினும் ஆகுக. கூட்டத்தை விடச் சொல்லாதீர்கள். கூட்டத்தின் நடுவிலுள்ள பொருளை மாற்றச் சொல்லுங்கள்.

நான்காவது, இடர்களை முன்னறிந்து கூறுதல். முதல் வாரம் கடினமானது. எரிச்சலும் உறக்கமின்மையும் சில வாரங்களிற் படிப்படியாகத் தணியும். நாட்டம் அலைபோல எழும். சில நிமிடங்களில் விழும். அவ்வேளையில் ஒரு குவளை நீர் அருந்துதல், எழுந்து நடத்தல், ஒருவரோடு பேசுதல் என்பன உதவும். உக்காவை விட்டுச் சிகரட்டைப் பற்றுதல் விடுதலையன்று, வீடு மாறுதலே.

ஐந்தாவது, மீண்டும் சந்தித்தல். பாகிஸ்தானிய ஊழியர் ஒருமுறை பேசி அனுப்பிவிடவில்லை; மறுமுறையும் அமர்ந்தார். தன்னை ஒருவர் மறவாமல் வினவுவார் என்னும் எண்ணமே தளரும் மனத்துக்கு ஊன்றுகோல்.

குடும்பத்தார் செய்யத்தக்கது

எல்லா ஊரிலும் இப்பயிற்சி பெற்ற ஊழியர் இருப்பர் என எதிர்பார்க்க இயலாது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு தாயோ, தமக்கையோ, மனைவியோ, நண்பனோ உண்டு. வெளிநாட்டில் உழைக்கும் மகனோடு தொலைபேசியிற் பேசும் தாய், "இன்னும் அந்தச் சனியனை விடவில்லையா?" என்று தொடங்கினால், அவன் அடுத்த முறை பொய் சொல்வான். "இந்தக் கிழமை எப்படி இருந்தது, தம்பி? எந்த நேரம் கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால், உண்மை சொல்வான். உண்மை வந்த இடத்திலன்றோ உதவி நுழையமுடியும்!

இடையில் ஒருநாள் அவன் தவறி மீண்டும் குழாயைத் தொட்டுவிட்டான் என வைத்துக்கொள்வோம். "நீ உருப்படமாட்டாய்" என்பது அவனைக் கோப்பிக் கடைக்கே திருப்பி அனுப்பும் வாக்கு. புகையிலையை விட்டவருட் பலர் ஒருமுறையில் விட்டவரல்லர். பலமுறை முயன்று விட்டவர். தவறிய நாளில் என்ன நடந்தது, எவர் அழைத்தார், எங்கே மனம் தளர்ந்தது என்று அவனோடு சேர்ந்து ஆராய்ந்தால், அத்தவறே அடுத்த முயற்சிக்குப் பாடமாகும். நாள்தோறும் பிடிப்பவனாயின், மார்பு நோவோ மூச்சுத் திணறலோ உடையவனாயின், தயங்காது வைத்தியரிடம் செல்லும்படி கூறுங்கள். மருந்து வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை. உக்காவை நீட்டும் நண்பன் பகைவன் அல்லன், அறியாதவன். அவனிடம் நீர் நஞ்சைக் கழுவாது என்று கூறுங்கள். கரியின் கதையையும் கூறுங்கள். கூறிவிட்டு அவனை விட்டு எழுந்துபோய்விடாதீர்கள். அருகிலேயே அமர்ந்து தேநீர் கொணரச் சொல்லுங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் பற்றிய பழக்கம் இது; ஒருவரைப் பார்த்து ஒருவர் விடவும் கூடும். அக்பரின் சபையிலே ஒருவர்பின் ஒருவராகக் கை நீட்டினர்; உங்கள் கூட்டத்தில் ஒருவர்பின் ஒருவராகக் கை மடக்கட்டும்.

குளிசை வைத்தியர் கையில் உள்ளது. கனிந்த சொல் நம் ஒவ்வொருவர் நாவிலும் உள்ளது. அதற்கு விலையில்லை, அதனை வாங்க எந்த மருந்துக்கடைக்கும் போகவேண்டியதில்லை. இன்று மாலையே அதனை வழங்கத் தொடங்குவோமாக.